கிழக்கூற்று இனித்த கோடை

எங்கள் வீட்டுக் காப்பியில் கருப்பட்டியின் இனிப்பு நாக்கு நுனியில் வந்து போன பிறகு, அடிநாக்கில் ஓர் உப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கமுதியிலிருந்தோ அபிராமத்திலிருந்தோ வரும் சொந்தக்காரர்கள் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்துவிட்டு, அம்மாவின் மனம் நோகக் கூடாதே என்று மிச்சத்தை விழுங்கி வைப்பார்கள். எங்களுக்கோ அவர்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தால் எதையோ போட மறந்துவிட்டார்கள் போலிருக்கும். குளித்தால் தோளில் உப்புப் பூக்கும், காய்ந்த சட்டையை உதறினால் உப்புத் தெறிக்கும், எண்ணெய் வைக்காத நாளில் தலைமுடி கயிறாகத் திரிந்து நிற்கும். மாரியூருக்குப் பக்கத்தில், கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே ஒரு மணல்மேட்டில் ஒட்டிக்கொண்டிருந்த மீனவக் குடியிருப்பு எங்களுடையது. நடுவில் மாதா கோயில், சுற்றிலும் நாங்கள்.

குடிக்கிற தண்ணீர் மணலுக்குள் இருந்தது. "ஊத்து" என்போம். மேட்டின் பள்ளமான பக்கத்தில் இடுப்பளவு, சில இடங்களில் ஆளளவு குழி தோண்டினால் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். குழிக்குள் குத்தவைத்துச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஆசைப்பட்டு ஒரு சாண் கூடுதலாகத் தோண்டினாலோ, அவசரப்பட்டு மடமடவென்று அள்ளினாலோ, கீழேயிருந்து கடல் மேலேறி வந்துவிடும். இன்றைக்கு யாராவது மேடையேறி, அந்தக் காலத்து ஊற்றுநீர் அமுதம் என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அமுதமாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும், நிமிரும்போது முதுகு விட்டுப்போகும், வீட்டுக்கு வந்தால் ஊறுகாய் ஜாடியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். அதைத்தான் குடித்து வளர்ந்தோம், நன்றாகவே வளர்ந்தோம்.

அந்தத் தண்ணீருக்கு எங்கள் ஊரில் மூன்று பெயர்கள் இருந்தன. நாக்கு ஏற்றுக்கொள்வது "குடிதண்ணி". குடிக்க முடியாது, ஆனால் அரிசி வேகும் என்றால் "சோத்துத்தண்ணி". அதற்கும் ஆகாதது "மேல்தண்ணி", உடம்புக்கு ஊற்றிக்கொள்ளவும் துணி அலசவும். எந்த ஊற்று எந்த வகை என்பது மாதத்துக்கு மாதம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும். அதைச் சொல்லுகிறவள் எங்கள் அம்மா பிலோமினா. யாரும் அவளை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. அவள் நாக்கு சரியாகச் சொல்லும் என்று ஊர் கண்டுகொண்டிருந்தது, அவ்வளவுதான். விடியும் முன்பே பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள். அம்மா முதல் சிரட்டையை வாங்கி, ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு நாக்கிலேயே வைத்திருப்பாள். பிறகு இடது பக்கம் திரும்பித் துப்பிவிட்டு ஒரே சொல்லாகச் சொல்வாள், "சோறு" என்றோ "மேல்" என்றோ. மறுபேச்சு கிடையாது. மழை ஓய்ந்த கார்த்திகை மார்கழியில் மட்டும், அதுவும் ஒன்றிரண்டு நாள், "இனிக்கிது" என்பாள். அன்றைக்கு ஊரே கூடுதலாக ஒரு டம்ளர் குடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது நண்டுக் கம்பெனி வந்தது. மேட்டின் கிழக்குச் சரிவுக்கு அப்பால் மதில் எழுப்பி, தகரக் கூரை போட்டு, பெரிய பெரிய அண்டாக்களில் நண்டை அவித்து, சதையை உருவி, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அய்யா, அதாவது என் அப்பா, வள்ளத்தில் போய்ப் பிடித்துவந்த நண்டுக்குக் கரையிலேயே கிராக்கி வந்தது. அய்யாவின் தங்கை ஆரோக்கியம் அத்தை, புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு நின்றவள், வெள்ளைக் குல்லாயும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நண்டு உடைக்கப் போனாள். ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் போனார்கள். அதைச் சொல்லாமல் மேலே சொல்வது நியாயமாகாது. அந்தக் கம்பெனி வந்த பிறகுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு போட்டுப் போனோம்.

கம்பெனிக்கு நாளைக்கு ஏழெட்டு லாரித் தண்ணீர் உள்நாட்டிலிருந்து வரும், கிணற்றில் இறைத்த நல்ல தண்ணீர். லாரி எங்கள் தெரு முக்கில் திரும்புகையில் வேகம் குறையும். வால்வில் சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நக்குவதற்காக நாங்கள் ஒரு படையே பின்னால் ஓடுவோம். அவ்வளவு தண்ணீரையும் என்ன செய்கிறார்கள் என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நண்ட மூணு தரம் அலசுறாக மதினி, தரைய ரெண்டு தரம். நம்ம புள்ளைகளுக்கு ஞானஸ்நானத்துக்குக்கூட இம்புட்டு நல்ல தண்ணி ஊத்துனதில்ல" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அது போகிற பாதை எங்கள் கண்ணில் படவேயில்லை.

மறு வருடம் சித்திரையில் அந்த அதிசயம் நடந்தது. வழக்கமாகச் சித்திரை வந்துவிட்டால் ஊற்றெல்லாம் "சோறு", "மேல்" என்று கீழிறங்கிவிடும். குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அதிலும் கிழக்கூற்று என்று நாங்கள் சொல்லும் குழி, மேட்டின் கிழக்கோரத்தில் கம்பெனி மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, என்றைக்குமே "மேல்"தான். அன்று ஏதோ நினைப்பில் அம்மா அதையும் ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள். துப்பவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். மூன்றாவது வாயை விழுங்கியே விட்டாள். எனக்கு அந்த முகம் இப்போதும் தெரிகிறது, தொலைந்த பொருள் கிடைத்தவள் முகம்.

"இனிக்கிது" என்றாள் அம்மா.

"ஏ பிலோமி, வெளையாடாத" என்று குழிக்குள் குதித்தாள் தெரசுப் பெரியம்மா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. வாய் நீளம், மனசும் பெரிது. அள்ளிக் குடித்துவிட்டு, "ஆத்தாடி! எளநி கெட்டுச்சு போ!" என்று கத்தினாள். அதன் பிறகு நடந்தது ஒரு திருவிழா. தண்ணீர் ஊறுகிற வேகமும் கூடியிருந்தது. அள்ள அள்ள வந்தது. மாதா கண் திறந்துவிட்டாள் என்று குழியின் விளிம்பில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள், மல்லிகைச் சரம் போட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து குடத்தோடு வந்தார்கள், நாங்களும் இல்லையென்று சொல்லவில்லை.

"மாதா கண்ணத் தொறந்தாளா, ஒங்கம்மாவுக்கு நாக்குச் செத்துப்போச்சா, தெரியலயே" என்று அய்யா கேலி பேசிக்கொண்டே ஒரு செம்பை ஒரே மூச்சில் குடித்தார். அந்த ஒரு மாதம் நாங்கள் ராஜவாழ்க்கை வாழ்ந்தோம். பருப்பு வெந்தது. சோப்பு நுரைத்தது, ஆமாம், சோப்பு நுரைக்கும் என்பதையே நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தண்ணீரைக் கண்டுசொன்னவள் மகள் என்ற தோரணையில், வரிசையில் நிற்காமல் முன்னால் போய்க் குடம் வைக்கும் அளவுக்கு எனக்குத் திமிரும் வந்தது.

வைகாசியில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முதலில் நுங்கின் மேல் பழி போட்டோம், பிறகு வெயிலின் மேல், பிறகு கண்ணேறின் மேல். என் தம்பி சேசுவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனுக்கு மட்டும் பல் முளைக்கிறது என்று கூடுதலாக ஒரு காரணம் கிடைத்தது. நின்று நின்று வந்தது. இரண்டு நாள் சிரிப்பான், மூன்றாம் நாள் துவண்டு விழுவான். தொடையிலும் முதுகிலும் சொறி. சாயல்குடியில் டாக்டர் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, "நல்ல தண்ணியில கலக்கி அடிக்கடி குடும்மா" என்றார்.

நல்ல தண்ணீர். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? உப்பில்லாத தண்ணீர். தலைமுறை தலைமுறையாக எங்கள் நாக்குக்கு ஒரே ஓர் எதிரிதான் தெரியும், உப்பு. அது இல்லையென்றால் வேறெதுவும் இருக்க முடியாது என்று நம்பினோம். காய்ச்சிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊரில் குடிதண்ணீரைக் காய்ச்சுகிற வழக்கமே இல்லை, காய்ச்சினால் உப்பு இறுகிப்போகும். ஆகவே என் அம்மா, பெற்ற பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக, கிழக்கூற்றின் தண்ணீரில் அந்தப் பொட்டலத்தைக் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாக, ஒரு வேளை தவறாமல் அவன் வாயில் ஊற்றினாள். அவனுக்கு மோசமாக ஆக இன்னும் அதிகமாக ஊற்றினாள். பிற்பாடு நான் வேதியியல் படித்து, தண்ணீரில் நாக்குக்கு அகப்படாமல் என்னவெல்லாம் கரைந்திருக்க முடியும் என்று தெரிந்துகொண்ட நாளில், வகுப்பறையில் எனக்கு நினைவு வந்தது அந்த ஸ்பூன்தான். அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் போனபின் சேசுவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நாள் அங்கே கிடந்து பிழைத்து வந்தான். வந்து ஒரு வாரத்தில் மறுபடியும் தொடங்கியது.

இதற்குள் ஆனி முடிந்து ஆடி பிறந்தது. அந்த வருடம் கச்சான் காற்று பேயாக அடித்தது. பதினைந்து நாள் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. நண்டு வரவில்லை, கம்பெனிக் கதவைச் சாத்திவிட்டார்கள், ஆரோக்கியம் அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போனதும் கிழக்கூற்று கரிக்க ஆரம்பித்தது. நாளுக்கு நாள் உப்பு ஏறி, கடைசியில் அம்மா பழையபடி "மேல்" என்று துப்பினாள். ஊரில் ஒரே புலம்பல். நேர்ந்துகொண்ட மெழுகுவத்தியை எவளோ ஏற்றாமல் விட்டிருக்கிறாள், மாதா கோபித்துக்கொண்டாள் என்று பேசி, எவள் அவள் என்று தேடிச் சண்டையும் போட்டார்கள். நாங்கள் மறுபடி ஒன்றரை மைல் நடந்தோம். அந்த நாட்களில் சேசு எழுந்து நடந்தான், சோறு கேட்டு அடம் பிடித்தான், சொறி உதிர்ந்தது. காற்று விழுந்தது, வள்ளம் போனது, நண்டு வந்தது, கம்பெனியில் புகை எழுந்தது. சில நாட்களில் கிழக்கூற்று இனித்தது. குடித்த மூன்றாம் நாள் சேசு விழுந்தான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அத்தை கால் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா சேசுவை மடியில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாருமே கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஆரோக்கியம், நண்டு அலசுற தண்ணி எங்கன போகுது?"

"பின்னாடி ஒரு குழி வெட்டிருக்காக மதினி, பன ஓலை போட்டு மூடிருக்கும். அதுல விடுறோம். மணலு குடிச்சிரும்."

"மணலு குடிக்குது சரி. மணல நாமதான குடிக்கிறோம்?"

அத்தை செம்பைக் கீழே வைத்தாள்.

"கம்பெனி ஓடுனா இனிக்கிது, கம்பெனி படுத்தா கரிக்கிது. இதுல மாதா எங்கன வந்தா?" என்றாள் அம்மா. அப்புறம் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள், இரண்டு முறை, நன்றாகச் சத்தம் வர. நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன்.

மறுநாள் விடியற்காலை ஊற்றடியில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் நின்று அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "என் வாயிதான் இனிக்கிதுன்னு சொல்லுச்சு. அதே வாயி சொல்லுது, இதக் குடிக்காதீக. இது நண்டு கழுவுன தண்ணி. தப்பு எம்மேல."

மன்னித்து அணைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தீர்களா? தெரசுப் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நீ சொன்னா இனிக்கும், நீ சொன்னா நாறுமா? ஒம் புள்ளைக்கு வகுறு சரியில்லன்னா ஊரே உப்புத்தண்ணி குடிக்கணுமா? கம்பெனிக்காரன் காதுல விழுந்தா நாப்பது பொம்பளைக சோத்துல மண்ணு விழும், தெரியும்ல?"

வேலைக்குப் போகும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோரும் கிழக்கூற்றிலேயே குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். அம்மா தன் குடத்தைக் கவிழ்த்து, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். ஊர் முழுவதும் அவள் நாக்கை நம்பிக் குடித்தபோது அவள் இவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

இனிமேல் நான் பட்ட துன்பம் வருகிறது. அந்த வருட மாதா திருவிழாவில் எனக்குப் "புதுநன்மை", முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, வெள்ளைக் காலுறை எல்லாம் பரமக்குடியில் எடுத்தாயிற்று. துவைத்து நீலம் போட்டால் கண்ணைப் பறிக்கும் என்று சொட்டுநீலம் ஒரு புட்டி வாங்கி, நான் அதை மாடத்தில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா அதை எடுத்தாள். போதாதென்று அன்னம்மாள் கடையில் இருந்த புட்டிகளை எல்லாம் வாங்கி வந்தாள். அத்தனையையும் தூக்குவாளியில் ஊற்றி, மேலே ஒரு தட்டில் சோற்றை வைத்து மூடி, அத்தையிடம் கொடுத்தாள்.

அத்தை வாளியைத் தரையில் வைத்துவிட்டாள். "மதினி, வேலை போச்சுன்னா எம் புள்ளைக என்னத்தத் திங்கும்?"

"கம்பெனிய மூடணும்னு நான் சொன்னனா? குழிய மூடணும். நீ இத அந்தக் குழில ஊத்திட்டு வா, மத்தத நான் பாத்துக்கிறேன்."

அத்தை ஊற்றினாள். அதற்கப்புறமும் மூன்று நாள், கடைக்குப் புதிதாக வந்த புட்டிகளையும் சேர்த்து ஊற்றினாள். நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. என் கவுனின் வெள்ளை நண்டுக்குழிக்குள் போகிறதே என்ற ஆத்திரம் எனக்கு. நாங்கள் மட்டும் ஒன்றரை மைல் நடந்து கரிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து குடித்தோம். கிழக்கூற்றில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருக்க வேண்டும், அய்யாவிடம், "மணலு அரிச்சிருச்சோ?" என்று கேட்டாள்.

"பொறு. நீரோட்டம் வந்துசேர நேரமாகும்" என்றார் அய்யா. கடல் நீரோட்டம் பார்த்து வலை வீசுகிறவர், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழாம் நாள் காலையில் தெரசுப் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கும்பா. அதில் தண்ணீர் துவைத்த வேட்டியின் நிறத்தில், லேசான நீலமாக இருந்தது. அவள் வாய் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை. அவள் பேரனும் ஒரு மாதமாகப் போக்கில் கிடந்தான். கும்பாவை வாசலில் கவிழ்த்துவிட்டு, "வா பிலோமி, எங்கன போகணும் சொல்லு" என்றாள்.

கம்பெனி வாசலுக்குத்தான் போனார்கள். அம்மா போட்ட திட்டம் எளிமையானது. மூடு, ஒழி என்று கோஷம் கிடையாது. உள்ளே வேலை செய்கிற நாற்பது பெண்களும் குல்லாயையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, வேலைக்குத் தயாராக, வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே அன்று காலை அவித்த நண்டு குவிந்து கிடந்தது. அவித்த நண்டு ஆளுக்காகக் காத்திருக்காது. வெயில் ஏறினால் கெட்டுப்போகும். அது அந்த மேனேஜரைவிட எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

மேனேஜர் நல்ல மாதிரிதான் பேசினார். "அது வெறும் கழுவுன தண்ணிதாம்மா. பிளீச்சிங் பவுடர்கூடப் போடுறோம். மணல்ல இறங்குனா சுத்தமாயிரும்."

"நாங்களும் அப்புடித்தான் சார் நெனச்சோம்" என்றாள் அம்மா. "கம்பெனி ஓடட்டும். அந்தக் குழிய மூடிட்டு, சிமெண்டுத் தொட்டி கட்டி, லாரில அள்ளிட்டுப் போங்க. இன்னொண்ணு. நண்டு செத்தப்பெறகு மூணு தரம் நல்ல தண்ணில குளிக்கிது. நாங்க உசுரோட இருக்கோம். தெனம் ஒரு லாரித் தண்ணி எங்க தெருவுலயும் நிக்கணும்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது, மேனேஜருக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள் தெரசுப் பெரியம்மா, எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. உள்ளேயிருந்து நண்டு வாசம் மாறி வர ஆரம்பித்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் முதல் தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கு மட்டும் நாங்கள் லாரியின் பின்னால் ஓடவில்லை, அதுதான் எங்களைத் தேடி வந்ததே!

தொட்டி கட்ட இரண்டு மாதம் ஆனது. கட்டிய பிறகும் அது நிரம்பி வழிந்த நாட்கள் உண்டு. இன்னும் இரண்டு முறை பெண்கள் பூட்ஸோடு வாசலில் உட்கார வேண்டியிருந்தது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. நீலமில்லாமல் துவைத்த என் கவுன் பழுப்பு வெள்ளையாகத்தான் இருந்தது; புதுநன்மைப் போட்டோவில் பத்துப் பிள்ளைகள் நடுவே நான் மட்டும் சலவைக்குப் போடாதவள் மாதிரி நிற்கிறேன். முகத்தை உற்றுப் பார்த்தால் கர்வம் தெரியும்.

அதன் பிறகும் ஊற்றுகளுக்கு அம்மாதான் நாக்கு. ஆனால் முறை மாறிவிட்டது, அவளே மாற்றினாள். புதிதாக ஓர் ஊற்றுத் தோண்டினாலும், லாரித் தண்ணீர் வேறு கிணற்றிலிருந்து வந்தாலும், மூன்று நாள் அவள் ஒருத்திதான் குடிப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நாலாம் நாள் பெரியவர்கள், அதற்கப்புறம்தான் பிள்ளைகள். அய்யா எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தார், நானும் குடிக்கிறேன் என்றார். "தப்புச் சொன்ன நாக்கு எது? அதுக்குத்தான் தண்டனை" என்று முடித்துவிட்டாள். இரண்டு தடவை அவள் சுருண்டு படுத்திருக்கிறாள்; அந்த இரண்டு தண்ணீரும் ஊருக்குள் வரவில்லை. இன்னொன்றும் மாறியது. "இனிக்கிது" என்ற சொல்லை அவள் அப்புறம் எந்தத் தண்ணீருக்கும் சொல்லவில்லை. மழைத்தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தபோதுகூடச் சொல்லவில்லை.

இப்போது ஊருக்குக் குழாய் வந்துவிட்டது; குழாய் வராத நாளில் கேன் வருகிறது. கிழக்கூற்று இருந்த பள்ளத்தில் சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கிறது, உள்ளே நுழைய முடியாது. கம்பெனி இரண்டு மடங்கு பெரிதாகி, கழிவுநீருக்கென்று தனிக் கட்டடமே வைத்திருக்கிறது. அதன் பின்பக்கத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது இன்னும் வழக்கம். "சோத்துத்தண்ணி", "மேல்தண்ணி" என்றால் என் மகனுக்கு என்னவென்று தெரியாது. தெரியாமல் போகட்டும், அந்தக் குடம் அவன் தலையில் ஏற வேண்டாம். சேசு ஆறடி வளர்ந்து விசைப்படகில் போகிறான். நான் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மறைந்துபோனவற்றில் நான் தேடுவது ஒன்றே ஒன்றுதான், ஊருக்கு முன்னால் தன் வயிற்றை வைக்கிற ஆள். இப்போது கேனின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை.

போன மாதம் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். வழக்கமாகக் கேன் போடுகிறவர் கடையை மூடிவிட, புது ஆள் புதுக் கேன் கொண்டுவந்து இறக்கினார். என் மகன் டம்ளரை நீட்டினான். "தொடாத" என்றாள் அம்மா. நான் சிரித்துக்கொண்டே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற என் கருவியை எடுத்து, தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் விளக்குவது போல விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்கு நாக்கு இருக்கு, சரி. வகுறு இருக்கா?"

எழுபதைத் தாண்டியவள், இந்த வயதில் வேண்டாம் என்று கெஞ்சினேன், கோபித்தும் பார்த்தேன். மூன்று நாள் நாங்கள் காய்ச்சிய குழாய்த் தண்ணீர் குடித்தோம். அவள் அந்தக் கேனில் குடித்தாள். நாலாம் நாள் காலையில் எழுந்து, முகம் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் பிடித்து என் மகன் கையில் கொடுத்தாள்.

"இனிக்குதா அம்மாச்சி?" என்று கேட்டான் அவன், சும்மா, கேலியாக.

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத நான் சொல்லமாட்டேன்யா" என்றாள். "ஒண்ணும் செய்யல. குடி."